புண்பட்ட வீரனும் வீட்டு வாசலும்

கோல் மார்க்கெட் வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் விடுமுறை நாள்களில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இந்தியா கேட்டுக்குச் சென்று வருவது வழக்கம். 1921-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1931-இல் திறந்து வைக்கப்பெற்ற அவ்வளைவில் 13,000-க்கும் மேற்பட்ட போர் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் அருகே 2019-இல் தேசியப் போர் நினைவகமும் எழுந்தது. இவ்விரண்டும் உயிர் நீத்தாருக்கு உரியவை. ஆனால் கை இழந்தும் கால் இழந்தும் முதுகெலும்பு முறிந்தும் உயிரோடு வீடு திரும்பியோர் பலர். அவர்தம் வரலாறு கல்லில் இல்லை. வீட்டுத் திண்ணையிலும் கயிற்றுக் கட்டிலிலும் நடந்தேறிய வரலாறு அது. அதனைச் சிறிது எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரில் மாண்டவனுக்கு நடுகல் நாட்டுவதும், அவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்ற பெயரால் நிலம் அளிப்பதும் பண்டைத் தமிழர் வழக்கம். இதனை யாவரும் அறிவர். ஆனால் மாளாது மீண்டவனையும் நம் முன்னோர் மறந்தாரில்லை. நெடுநல்வாடையில், வாடைக் காற்று வீசும் நள்ளிரவில் பாண்டியன் நெடுஞ்செழியன் பாசறையில் உறங்காது, விழுப்புண் பட்ட வீரரைத் தானே சென்று காண்பதாக நக்கீரர் பாடியிருக்கின்றார். புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் அரிசில் கிழார் நம்மை ஒரு வீட்டுக்குள்ளேயே அழைத்துச் செல்கின்றார். அங்கே வேப்பிலை செருகுகின்றனர், யாழ் இசைக்கின்றனர், வெண்கடுகு தூவுகின்றனர், மணி ஒலிக்கின்றது, நறும்புகை எழுகின்றது. இத்தனையும் புண்பட்ட ஒருவனைக் காப்பதற்கே. புண்பட்ட கணவனைப் பேய் அணுகாதவாறு மனைவி காக்கும் நிலைக்குத் தொடாக்காஞ்சி எனத் தனித் துறையே வகுத்தது தொல்காப்பியம். வேம்பும் புகையும் நோய் தடுக்கும் என்னும் நம்பிக்கை ஒருபுறம் இருக்க, வீரனின் மருத்துவமனை அவன் வீடே என்பதும், காவல் புரிந்தவள் அவன் மனைவியே என்பதும் இவற்றால் புலனாகின்றன.

மேலை நாட்டில் இப்பொறுப்பை அரசு ஏற்றபோது முதலில் கண்ட வழி விடுதி கட்டுவதேயாகும். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி 1670-இல் பாரிசில் ஒரு மாளிகை அமைக்க ஆணையிட்டார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசு 1682-இல் லண்டன் செல்சியில் ஒன்றை நிறுவினார். ஆயின் விடுதியில் இடம் பெற்றவர் சிலரே. வீட்டிலிருந்தபடியே உதவித் தொகை பெற்றவர் மிகப் பலர். விடுதிக்குள் வருபவர் தம் ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதியும் செல்சியில் உண்டு. வீடா, விடுதியா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

நம் நாட்டில் முதல் உலகப் போர் இவ்வினாவைக் கொணர்ந்தது. ஊனமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்க, பம்பாய் கவர்னரின் மனைவியார் லேடி வில்லிங்டன் 1917-இல் குயின் மேரி தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அது பின்னர் பூனாவை அடுத்த கிர்க்கிக்கு மாறியது. நம் பேட்டைக்கு அருகேயுள்ள ராம் மனோகர் லோகியா மருத்துவமனையை முதியோர் இன்றும் வில்லிங்டன் ஆஸ்பத்திரி என்பரன்றோ? அதுவும் அக்குடும்பப் பெயரே. 1919-இல் இந்தியச் சிப்பாய் வாரியம் அமைந்தது. இன்று கேந்திரிய சைனிக் போர்டு என்னும் பெயருடன் ராமகிருஷ்ணபுரத்தில், டில்லித் தமிழ்ச் சங்கம் உள்ள அதே பகுதியில் இயங்குவது அவ்வாரியமே. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், பார்வை இழந்த சிப்பாய்களுக்கென டேராடூனில் ஒரு பயிற்சி இல்லம் எழுந்தது. அதனை நடத்திய சர் குளூதா மக்கென்சி என்பார் 1915-இல் கலிப்போலிப் போரில் தாமும் கண்ணிழந்தவர். 1944-இல் பூனாவில் செயற்கை உறுப்பு நிலையம் ஏற்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்ட வீரருக்காக 1974-இல் கிர்க்கியிலும் 1978-இல் மொகாலியிலும் இல்லங்கள் எழுந்தன.

முதுகுத்தண்டு முறிந்தவர் பிழைப்பதே முன்பு அரிது. படுக்கைப் புண்ணும் சிறுநீர் நோயும் அவரைக் கொன்றுவிடும். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற டாக்டர் லுத்விக் குட்மன், நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்பதை உறுதியாகக் கடைப்பிடித்தார். அவ்வெளிய முறை எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதே போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையினருக்கு மறுவாழ்வுப் பயிற்சி அமைத்தவர் டாக்டர் ஹோவர்டு ரஸ்க். 1954-இல் கார் விபத்தில் தம் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் ரஸ்க்கின் நிலையத்தில் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. போர்க்களத்துக்காகப் பிறந்த கலை இவ்வாறு தமிழ்நாட்டின் ஏழைகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஈண்டு என் குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூற அன்பர்கள் இசைவார்களாக. வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த என் தாய்மாமன் 1971 போரில் முதுகில் குண்டு பாய்ந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவராய் ஊர் திரும்பினார். 2009-இல் காலமாகும் வரை அத்தையே அவருக்குத் தாதி. குட்மன் பெயரை அத்தை கேட்டதில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது ஒரு நர்சு சொன்ன சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர் ரயில் பாதை ஓரம். இன்ன வண்டி கடந்தால் மாமாவை இடப்புறம் திருப்புவது, அடுத்த வண்டி வந்தால் வலப்புறம் திருப்புவது என்பது அவர் கணக்கு. வண்டி தாமதமான இரவுகளில் எழுந்து உட்கார்ந்து காத்திருப்பார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் மாமாவின் முதுகில் படுக்கைப் புண் வந்ததில்லை.

முழு ஊனமுற்றுப் பிறர் துணையின்றி அன்றாடக் காரியங்களைச் செய்ய இயலாத படைவீரருக்கு, மருத்துவக் குழு பரிந்துரைத்தால், ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மேல் நிலையான உதவியாளர் படி என்ற தொகை உண்டு. அரசுச் செலவில் மருத்துவமனையில் தங்கும் காலத்துக்கு அது கிடையாது, வீட்டிலிருப்பவருக்கே அது. செல்சியின் பழைய வினா இங்கே வேறு உருவில் நிற்கின்றது. மாமாவுக்கு அப்படி ஒரு படி உண்டென்று பதினான்கு ஆண்டுகள் எவரும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் தற்செயலாக வீட்டுக்கு வந்து, நிலைமை கண்டு, மனு எழுதிக் கொடுத்தார். படி வந்தது. அத்தொகையைக் கொண்டு இரவுக்கு ஓர் ஆளை அமர்த்தினோம். அன்றுதான் அத்தை விடியும்வரை உறங்கினார் என்று என் தாயார் கூறுவார். ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க மாமாவைப் பலகையில் கிடத்தி மாட்டு வண்டியில் கொண்டுசென்ற காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

இன்று நிலை மாறியிருக்கின்றது. அப்படி 2017 ஜூலை முதல் மாதம் 6,750 ரூபாயாக உயர்ந்தது. 2003 ஏப்ரல் முதல் முன்னாள் படைவீரருக்கெனப் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடந்து வருகின்றது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு வாழ்நாள் சான்று வந்தது. நடமாட இயலாதவரின் இல்லத்துக்கு வங்கி அலுவலரே வந்து சான்று பெறவும் விதி உண்டு. அமெரிக்காவிலோ, வீட்டை விட்டு வெளியேற இயலாத முன்னாள் வீரருக்கு ஓய்வூதியத்தைக் கூட்டித் தருகின்றனர். அங்கு முதியோர்க்கான பொது மருத்துவக் காப்பீட்டில் வீட்டுச் சிகிச்சை பெற ‘வீட்டோடிருப்பவர்’ என்ற தகுதி வேண்டும். வழிபாட்டுக்குச் சென்று வந்தால் அத்தகுதி போய்விடுமோ என்ற ஐயம் எழ, போகாது என்று 2000-ஆம் ஆண்டில் சட்டமே இயற்றித் தெளிவாக்கினர். நோயாளி கோயிலுக்குப் போவதும் ஒரு மருந்தே என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும் விதி ஏட்டில் இருப்பது வேறு. அது வீட்டு வாசலை வந்தடைவது வேறு. இருபதாண்டுகளாகக் கோப்புகளுக்கிடையே வாழும் குமாஸ்தா என்ற முறையில் இதனை நான் உறுதியாகக் கூறுவேன். கேட்டவனுக்கே விதி பயன்படும். கட்டிலில் கிடப்பவனும் அவனைவிட்டு அகலாத மனைவியும் எவ்வாறு சென்று கேட்பர்? பாசறையில் புண்பட்டோரைத் தேடி மன்னன் சென்றான். இக்காலத்தில் தேடிச் செல்ல வேண்டியவர் நாமே.

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் கொண்டாடப்பட்டு வரும் அந்நாளில் நாம் அனைவரும் சிறு கொடி வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்கின்றோம். அத்துடன் ஒன்று செய்வோம். நம் காலனியிலோ, ஊரில் உறவினர் வீட்டிலோ, ஊனமுற்ற முன்னாள் படைவீரர் எவரேனும் வீட்டோடு கிடந்தால் அவர் ஓய்வூதிய ஆணையின் நகலைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மனு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்களுக்கு நம் சங்கத்தில் பஞ்சமில்லை. ஞாயிறு மாலைகளில் நான் படிவங்களுடன் காத்திருப்பேன். எங்கோ ஒரு வீட்டில் ஓர் அத்தை ஓரிரவேனும் விடியும்வரை உறங்குவாராயின், அதுவே நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குச் சிறப்பாகும்.