பெரியம்மையும் மலைநாட்டுப் பாதையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியத் தொழிலாளர் மன்னாரிற் கரையிறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக மலைநாட்டுக்குக் கால்நடையாக வந்தனர். வழியில் வாந்திபேதியும் பெரியம்மையும் பலரைப் பலிகொண்டன. நோயைக் கொணர்ந்தவர் என்ற பழியும் அவர்கள் மீதே சுமத்தப்பட்டது. 1914 இல் தனுஷ்கோடி - தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டது. அதன் பின்னர், ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களுக்கு வந்தோர் மண்டபம் முகாமிலே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டனர்.

இவ்விரண்டனுள் எது பெரிதும் காத்தது? விடை வைரசின் இயல்பிலே உள்ளது. பெரியம்மை வைரசு கலத்தினுட் புகும்போது அதன் புறச்சவ்வு கலமென்சவ்வோடு இணைந்து கழல, உள்ளகம் மட்டும் உட்செல்லும். அங்கு முதலில் உருவாகும் வைரசுப் புரதங்களின் துணையால் உள்ளகத்தின் உறையும் பின்னர் திறந்து, டி.என்.ஏ. வெளிப்படும். இவ்விரு படிகளையும் இதே குடும்பத்து வைரசுகளைக் கொண்டு யோக்லிக் 1964 இல் விளக்கினார்.

உறை களைந்த வைரசு கலங்களுட் பெருகும் காலத்தில் நோயாளி நலமுடையவராகவே தோன்றுவார். அறிகுறிகள் வெளிப்பட 7 முதல் 19 நாட்கள் செல்லும். ஆதலின் சில நாட் தடுப்புக்காவல் மட்டும் போதியதன்று. 1802 இலேயே இலங்கைக்கு வந்த அம்மைப்பாலோ, வைரசு கலத்தை அடையுமுன்னரே அதனைப் பற்றும் எதிர்ப்பொருள்களை உடலில் உண்டாக்கியது.

1980 இல் பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்நோய் பரவ வழிசெய்த நெருக்கமான லயன் அறைகளை அமைத்தோர் தொழிலாளரல்லர். பழியைப் பங்கிடும் வரலாற்றாசிரியர் இதனை மறத்தலாகாது.