தகடும் கோடும்: சோழமண்டலக் கலைஞர்களின் ஊற்றுக்கண்கள்

சென்னைக்குத் தெற்கே, வங்கக் கடலை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் 1966ஆம் ஆண்டு ஓவியர்களும் சிற்பிகளுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 10 ஏக்கர் மணல் நிலத்தை வாங்கிக் குடியேறி, அதற்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று பெயரிட்டார்கள். இந்த நிலத்தை அரசு வழங்கவில்லை. எந்தச் செல்வரும் கொடையாகத் தரவில்லை. கலைஞர்கள் தங்கள் கையால் செய்து விற்ற துணிகளும் தோல் பொருள்களும் ஈட்டித் தந்த பணத்தில் அது வாங்கப்பட்டது. தென்னிந்திய நவீன ஓவியத்தின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இச்செய்தியைப் பொருளாதார ஏற்பாடு ஒன்றாக மட்டும் குறிப்பிட்டுவிட்டு, கலைஞர்களின் அகத்தூண்டுதலைத் தேடிக் கோயில் சிற்பத்திற்கும் தாந்திரிகத்திற்கும் போய்விடுகிறார்கள். ஆனால் பிழைப்புக்காகப் பழகிய கைத்தொழிலே அவர்களுடைய கலையின் முதன்மையான ஊற்றுகளுள் ஒன்றாக இருந்தது என்பதை அவர்களுடைய படைப்புகளே காட்டுகின்றன.

இதன் வேர், அவர்களுள் பெரும்பாலோர் பயின்ற சென்னைக் கலைப் பள்ளியின் வரலாற்றில் இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் 1850இல் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய அப்பள்ளி, சில ஆண்டுகளுக்குள் அரசின் பொறுப்பில் வந்தது. அதன் முதல் நோக்கம் ஓவியர்களை உருவாக்குவது அன்று. மட்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை முதலிய தொழில்களில் தேர்ந்த கைவினைஞரைப் பயிற்றுவிப்பதே ஆகும். சென்னையின் இந்தோ-சாரசெனிக் கட்டடங்கள் பலவற்றை வடிவமைத்த ராபர்ட் சிஷோமும், பின்னர் கல்கத்தாவுக்குச் சென்று வங்காள ஓவிய மறுமலர்ச்சிக்குத் துணைநின்ற ஈ.பி. ஹாவெலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இப்பள்ளிக்குத் தலைமை ஏற்றிருந்தார்கள். நம் சமையலறைகளில் பிற்காலத்தில் பரவிய அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கான தொடக்க முயற்சிகளும், 1890களின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டனின் முனைப்பால் இதே பள்ளியின் பட்டறையில் நடந்தன. கலைப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் உலோகத் தொழிலே கிளைத்தது என்னும் இச்செய்திக்கு, இன்று அதற்குக் கிடைப்பதைவிடக் கூடுதலான கவனம் உரியது.

அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவரும் சிற்பியுமான தேவி பிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றுப் பல ஆண்டுகள் வழிநடத்திய காலத்தில், அதன் எடை கைத்தொழிலிலிருந்து ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் பெயர்ந்தது. மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. உயிருள்ள மனித உடலை நேரில் நோக்கி வரையும் கடும் பயிற்சியை அவர் வேரூன்றச் செய்தார். கலைஞன் என்பவன் தனித்த ஆளுமை உடையவன், அவன் கைவினைஞனிலிருந்து வேறானவன் என்ற எண்ணமும் அக்காலத்தில்தான் சென்னையில் வலுப்பெற்றது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தோன்றியது அந்தத் தன்னுணர்வின் விளைவு எனலாம். எனினும், அந்தத் தன்னுணர்வுக்குச் சோறிடும் ஏற்பாடு எதுவும் நகரத்தில் இல்லை. ஓவியங்களை விற்கும் கூடங்களோ வாங்கும் வழக்கமோ வேரூன்றாத ஊரில், பட்டயம் பெற்று வெளியேறிய மாணவர்கள் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்களாகவும், விளம்பர நிறுவனங்களிலும் நெசவாளர் சேவை மையத்திலும் வடிவமைப்பாளர்களாகவும் சேர்ந்தார்கள்; வரைவதை அறவே விட்டுவிட்டவர்களும் உண்டு.

இந்த நிலைமையை நேரில் கண்டு வருந்தியவர் 1957இல் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த இவர், வேறு வேலைகள் பார்த்துவிட்டு இருபத்தைந்தாம் வயதில்தான் மாணவராகப் பள்ளியில் சேர்ந்தவர். பிழைப்புக்கும் விருப்பத்திற்கும் இடையில் கிழிபடுவது எப்படிப்பட்டது என்பது அவருக்குப் பட்டறிவாகத் தெரிந்திருந்தது. அதனோடு, கலை சார்ந்த மற்றொரு கேள்வியும் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. 1954இல் இலண்டனிலும் பாரிசிலும் தம் படைப்புகளோடு சென்று வந்த பின், ஐரோப்பிய நவீன ஓவியத்தின் மொழியைத் தேர்ச்சியோடு பேசும் இந்தியனுக்குச் சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கிறது என்ற வினா அவரிடம் கூர்மைப்பட்டது. அக்கேள்விக்குப் புராணக் காட்சிகளை மறுபடி வரைவது விடையாகாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

அவர் கண்டடைந்த விடை 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் உள்ளது. கணிதக் குறிகள், எண்கள், ரோமன் எழுத்துகள் என்று தொடங்கிய அவ்வரிசை, விரைவில் மலையாள எழுத்துகளையும் ஜாதகக் கட்டங்களையும் உள்வாங்கிக்கொண்டது. ஜாதகக் கட்டம் என்பது பிறந்த வேளையின் கோள்நிலையைக் குறிக்கச் சோதிடர் வரையும் பன்னிரண்டு அறைகள் கொண்ட சதுரம். வீட்டுப் பெட்டிக்குள் மஞ்சள் தடவி வைக்கப்படும் அந்தத் தாளை அதற்கு முன் எவரும் ஓவியமாகப் பார்க்கவில்லை. பணிக்கருடைய எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் பொருள் கிடைப்பதில்லை. அவை பொருளை உதறிவிட்டுக் கோடாக மட்டும் நிற்கின்றன. அன்றாட வாழ்வில் புழங்கும் எளிய, பெயரற்ற வரைவுகளில் ஓர் ஓவிய மரபு இருக்கிறது என்ற கண்டுபிடிப்பே அவர் தம் மாணவர்களுக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம்.

மாணவர்களின் பிழைப்புச் சிக்கலுக்கு விடையாக, அதே ஆண்டுகளில்தான் ஓவியர்களின் கைவினைச் சங்கமும் உருப்பெற்றது. நாளின் ஒரு பகுதியில் கைவினைப் பொருள் செய்து விற்றுப் பிழைப்பது, எஞ்சிய பகுதியில் யாருடைய விருப்பத்திற்கும் வளையாமல் வரைவது, விற்பனையில் ஒரு பங்கைச் சங்கத்திற்குத் தருவது என்பது அதன் அடிப்படை. அவர்கள் செய்தவற்றுள் மிகுதியாக விற்பனையானது பாத்திக் துணி. ஜாவாவில் உயர்ந்த நிலையை எட்டிய இம்முறையில், நிறம் ஏறக் கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் தீட்டித் துணியைச் சாயத்தில் தோய்ப்பார்கள். பின் மெழுகை நீக்கி, வேறிடத்தில் பூசி, அடுத்த சாயத்தில் இடுவார்கள். மெழுகு விரிசல் விடும் இடங்களில் சாயம் நுழைந்து மெல்லிய நரம்புகளைப் போன்ற கோடுகளை உண்டாக்கும். ஓவியன் திட்டமிடாத அக்கோடுகளை அழிக்கவும் முடியாது. அவற்றோடு ஒத்துப்போகத்தான் வேண்டும். பல நூறு முழம் துணியில் இவ்வாறு பழகிய கைகள் திரைச்சீலைக்குத் திரும்பியபோது, வண்ணப் பரப்பைவிடக் கோட்டை நம்புவனவாக மாறியிருந்ததில் வியப்பில்லை. கர்நாடகத்திலிருந்து வந்து இக்கிராமத்தின் தொடக்ககால உறுப்பினரான எஸ்.ஜி. வாசுதேவின் மரங்களில், இலையும் பறவையும் உடலும் பின்னிக்கொண்டு ஒரே அடர்ந்த இழையாக விரிவது இதற்கு நல்ல சான்று.

துணியில் கோடு வளர்ந்ததைப்போல உலோகத்தில் தகடு வளர்ந்தது. இக்கிராமத்தின் மிகத் தனித்த பங்களிப்பு இதுவே என்று துணிந்து கூறலாம். வெண்கல வார்ப்புக்கு உலை வேண்டும், உலோகம் நிறைய வேண்டும், ஆள்துணை வேண்டும். வருவாய் குறைந்த இளம் சிற்பிக்கு இவை மூன்றும் எட்டாதவை. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைக் கையில் எடுத்தார். தகட்டைப் பின்புறமிருந்து தட்டிப் புடைக்க வைத்து, முன்புறம் உளியால் நுணுக்கம் செய்து, கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்து அவர் ஆக்கிய விநாயகர், கிறிஸ்து உருவங்கள் பார்வையாளரை முன்பக்கத்திலிருந்தே எதிர்கொள்கின்றன. சுற்றிவந்து பார்ப்பதற்கு அவற்றில் முதுகு என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. மேலைச் சிற்ப இலக்கணப்படி இது குறையாகத் தோன்றலாம். ஆனால் தமிழகக் கோயில்களில் மூலவருக்கு விழா நாள்களில் சாத்தப்படும் கவசத்தைக் கண்டவர்களுக்கு, அதாவது கல்லுருவின் மேல் பொருந்துமாறு வெள்ளியிலோ செம்பிலோ தட்டிச் செய்த மேலுறையைக் கண்டவர்களுக்கு, இந்த அழகியல் அந்நியமானது அன்று. கருவறை வாயிலில் நின்று தரிசிக்கும் பக்தனும் இறையுருவை ஒரே திசையிலிருந்துதான் காண்கிறான். முகப்புநோக்குச் சிற்பம் எனத் தக்க இவ்வகையை, பணிக்கரின் மகனும் இயற்பியல் பட்டதாரியுமான எஸ். நந்தகோபால் செம்பு, பித்தளை, பற்றவைப்பு, வண்ணப் பூச்சு ஆகியவற்றால் மேலும் விரித்தார். அவருடைய உலோக உருவங்களில் திருவாசி, கொடி, பறவை, பாம்பு ஆகியன வெற்றுவெளியில் வரைந்த கோட்டோவியம்போல் எழுகின்றன.

இங்கு ஓர் ஒப்பீடு பொருத்தமானது. இதே கடற்கரையில் சற்றுத் தெற்கே மாமல்லபுரத்தில், மரபுச் சிற்பத்தைக் கற்பிக்கும் அரசு நிலையம் 1957இல் தொடங்கப்பட்டது. அங்கு தாலமானம், அதாவது முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு முழு உருவத்தையும் அளக்கும் முறை, வழுவாமல் காக்கப்பட்டது. சோழமண்டலத்தார் அந்த அளவுகளைப் பின்பற்றவில்லை. அவர்கள் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது இலக்கணத்தை அன்று; பொருளைக் கையாளும் முறையையும் பார்க்கும் முறையையும் ஆகும். மரபைப் பேணுதலும் மரபிலிருந்து ஊக்கம் பெறுதலும் எவ்வளவு வேறானவை என்பதை இவ்விரு இடங்களும் அருகருகே நின்று காட்டின.

எல்லோருக்கும் ஒரே ஊற்று இருந்தது என்று கருதுவது தவறாகும். ஜெ. சுல்தான் அலி பஸ்தர் பகுதிப் பழங்குடியினரின் உலோக உருவங்களிலும் நந்தி வடிவங்களிலும் தம் உலகத்தைக் கண்டார், கே.வி. ஹரிதாசன் தாந்திரிக யந்திரங்களின் வடிவியலில் கண்டார். ரெட்டப்ப நாயுடு தெய்வ உருவங்களைச் சில விரைவான கோடுகளாக ஒடுக்கினார். இவர்கள் எவரோடும் ஒப்பிட முடியாதவர் திருவல்லிக்கேணியில் வளர்ந்து 1973இல் தம் முப்பதுகளின் தொடக்கத்திலேயே கிராமத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட கே. ராமானுஜம். மனநோயாலும் பேச்சுத் தடையாலும் தனிமைப்பட்டிருந்த அவருக்கு ஊக்கம் தந்தவை சிலைக்கூடங்கள் அல்ல. பேனாவின் மெல்லிய கோடுகளால் அவர் எழுப்பிய மாளிகைகளும், சிறகு முளைத்த விலங்குகளும், அவற்றின் நடுவே தொப்பியணிந்து உலவும் அவருடைய சொந்த உருவமும், திரைப்பட அரங்குகளும் மாயக்கதைகளும் ஒருசேரக் கனவில் கலந்ததுபோல் தோன்றுகின்றன. வெகுமக்களின் கேளிக்கையிலிருந்தும் உயர்ந்த கலை பிறக்கும் என்பதற்குத் தமிழகத்தில் இதைவிட வலிய சான்று அரிது.

கிராமத்தில் குடியேறாதவர்களையும் சேர்த்தே, சென்னை இயக்கம் என்று அழைக்கப்படும் இக்கலை எழுச்சியை மதிப்பிட வேண்டும். மயிலாப்பூரில் பிறந்து நடனமும் பயின்ற எஸ். தனபால், ஔவையாரையும் பெரியாரையும் சிற்பமாக்கியவர்; பிற்காலத்தில், கல்லூரியாகிவிட்ட சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராகவும் பணியாற்றினார். துறையூர் வட்டாரத்துக் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம், 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களால் பெயர் பெற்றார். ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களின் வழியே இத்தலைமுறையின் கோட்டோவியங்கள் தமிழ் வாசகரை அடைந்தன. ஓவியக் கூடத்தின் படியேறாத எத்தனையோ பேர் நவீன ஓவியத்தை முதன்முதலில் கண்டது மலிவான தாளில் அச்சான அப்பக்கங்களில்தான். வங்காளத்திலோ பம்பாயிலோ எப்படியோ, தமிழ்நாட்டில் நவீன கவிதையும் நவீன ஓவியமும் ஒரே சிறு வட்டத்தில் வளர்ந்தன.

பெண்களின் பங்கு இவ்வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை. அர்நவாஸ், சிற்பி அனிலா ஜேக்கப் ஆகியோர் கிராமத்தின் தொடக்க காலத்திலேயே அங்கு பணிபுரிந்தவர்கள். பொன்னானி வட்டாரத்திலிருந்து சென்னைக்கு வந்து பணிக்கரின் காலத்தில் பயின்ற டி.கே. பத்மினி, 1969இல் மகப்பேற்றின்போது முப்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார். பெண்ணுடலையும் தனிமையையும் குறித்த அவருடைய ஓவியங்களில், ஆண் ஓவியர்கள் எவரிடமும் காணப்படாத அச்சமற்ற நேர்மை இருக்கிறது.

பணிக்கர் 1977இல் காலமானார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் படைப்புகளுக்குச் சந்தை உருவாக உருவாக, கைவினைப் பொருள் செய்து பிழைக்க வேண்டிய தேவை குறைந்தது. மணல் பாதையாக இருந்த வழி கிழக்குக் கடற்கரைச் சாலையாயிற்று. 2009இல் கிராமத்துக்குள் சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டு, சென்னை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே நிலையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. நிலத்தை வாங்கித் தந்த பாத்திக் துணிகளோ கையொப்பம் இல்லாமல் வீடுகளுக்குள் போய், சேலைகளாகவும் திரைகளாகவும் தேய்ந்து மறைந்தன. பெரியமேட்டுக்கு அருகே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள பழைய பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இயங்குகிறது. ஓவியத்தோடும் சிற்பத்தோடும் சுடுமண் வடிவமைப்பும் துணி வடிவமைப்பும் அங்கு இன்னும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன.