காரைக்கால் நகராட்சி

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், தமிழக மாவட்டங்களும் கடலும் சூழ்ந்த காரைக்காலின் நகர உள்ளாட்சி அமைப்பு. பிரெஞ்சு அரசின் 1880 மார்ச் 12 ஆணையில் பிறந்த கொம்யூன் என்னும் உள்ளாட்சி முறையே இதன் வேர்; அக்காலத்தில் நகரத் தலைவர் மேயர் எனப்பட்டார். 1973ஆம் ஆண்டு நகராட்சிகள் சட்டம் அம்முறையை மாற்றியது. நகருக்கு வெளியே திருநள்ளாறு, நெடுங்காடு உள்ளிட்ட ஐந்து இடங்களில் கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. பெயரளவிலாவது பிரெஞ்சுச் சொல் பிழைத்தது.

கவுன்சிலர்களின் பதிவேடோ மிக மெலிந்தது. 1968க்குப் பின் 38 ஆண்டுகள் தேர்தலே இல்லை. நீதிமன்றத் தலையீட்டால் 2006இல் மன்றம் அமைந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நடைபெறவில்லை. மன்றம் இல்லாததால் குப்பை, தெருவிளக்கு போன்றவை நகராட்சி ஆணையர் பொறுப்பில். ஐந்தாண்டுக்கொரு தேர்தலை வலியுறுத்தும் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் இங்கே பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்துவந்துள்ளது.