மலையமான் குடி

நம் பார்க்கவ குலத்தார் முன்னோராகப் போற்றும் மலையமான்களின் ஊர், விழுப்புரத்தினின்று காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில், பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரேயாம்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய மலையமான் திருமுடிக்காரி, கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்தான். கோவலூரோ அதியமான் நெடுமானஞ்சியின் படையெடுப்பால் அழிவுற்றது. ஆயினும் காரியின் புகழ் வாளொன்றால் நின்றதன்று. நாடும் பொருளும் பிறர்க்கே உரியவாக, மனைவியின் தோளன்றித் தனதென்று கூற அவனுக்கு யாதும் இல்லையெனக் கபிலர் புறநானூற்றில் பாடினார்.

அவ்வீகையின் பயனை அக்குடி பின்னர்க் கண்டது. சோழன் கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்கு இடத் துணிந்தான். அழுத சிறுவர் களிற்றைக் கண்டு அழுகையை மறந்து, புதிய மன்றத்தை மருண்டு நோக்கினர். அவ்வமயம் கோவூர் கிழார், "புலவர் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்ணும் மரபினர் இவர்" என்னும் கருத்துப்படப் பாடி அவர்களை உய்வித்தார்.

985-இல் அரியணையேறிய முதலாம் இராசராசனை ஈன்ற வானவன்மாதேவியும் மலையமான் குலத்தவளே. இது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிற் கல்வெட்டால் தெளிவாம்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி அன்பர்களே! அன்று குலக்கொழுந்துகளைக் காத்தது முன்னோர் புலவர்க்கிட்ட சோறே. இன்று வறிய மாணவர்தம் கல்விக்குப் பொருளுதவுதலே நாம் அம்மரபில் நிற்றலாகும்.