தோலிலிருந்து படத்துக்கு: தேன்சிட்டுகளை இனம் பிரித்த வரலாறு

மணிமங்கலம் ஏரிக்கரைத் தோட்டங்களிலும், ஒரகடம் சாலைத் தொழிற்சாலைகளின் மதிலோரம் அழகுக்கு வைக்கப்படும் ஹமேலியாச் செடிகளிலும் வளைந்த அலகைச் செருகித் தேன் குடிக்கும் சிறு பறவையைப் பலர் 'ஹம்மிங் பறவை' என்றே படமெடுத்துப் பகிர்கிறார்கள். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லை. அங்கிருந்து இங்கு வந்தது செடிதான். தேன் குடிப்பது நம் தேன்சிட்டு. இந்தச் சமவெளியில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு ஆகிய மூன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவற்றைப் பிரித்தறியும் சான்று இரண்டரை நூற்றாண்டுகளில் எப்படி மாறியது என்பதை இங்கே ஆராய்வோம்.

தொடக்கம் ஓவியத்தில். 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன், பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு தீவின் பறவைகளை வரையச் செய்தார். 1766இல் லின்னேயஸ் ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக்கும் லோட்டன் தேன்சிட்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டியபோது ஆளுநரின் பெயர் பறவையோடு சேர்ந்துவிட்டது. 1790இல் பறவையியலாளர் லேதம் ஊதாத் தேன்சிட்டுக்குப் பெயரிட்டார்.

அடுத்த நூற்றாண்டு துப்பாக்கிக்கு உரியது. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862–64இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலுக்கும், பறவைச் சேகரிப்பாளர் ஹியூம் 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பெருந்திரளான பறவைத் தோல்களுக்கும் அடிப்படை ஒன்றே: சுட்டு, பதப்படுத்தி, அளவெடுப்பது. கொடூரமான முறைதான். ஆனால் பறவை கைக்குள் இருந்ததால் அலகின் நீளத்தை அளக்க முடிந்தது; இறகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க முடிந்தது. பிற்காலப் படங்கள் இழந்தவை இந்த இரண்டும்தான்.

1941இல் வந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் வண்ணப்படங்களோடு சாதாரண வாசகரையும் களத்துக்கு இழுத்தது. அதே தலைமுறையில் சென்னை இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். தேன்சிட்டைப் பொறுத்தவரை கறுப்பு வெள்ளையில் ஊதாவும் பச்சையும் தொலைந்துபோகும். அலகின் வளைவு மட்டும் தப்பும். இதைக் குறையாக நான் கருதவில்லை. வண்ணப்படம் தரும் பொய் நம்பிக்கையை அது தரவில்லை.

அந்தப் பொய் எங்கிருந்து வருகிறது? ஆணின் மினுமினுப்பு சாயத்தால் மட்டும் வருவதில்லை; இறகின் நுண்ணடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவது. வெயில் பின்னாலிருந்தால் ஊதாவும் லோட்டனும் வெறும் கரிய பறவைகள். பக்கவெளிச்சத்தில் பார்த்தால் லோட்டனின் வயிறு மங்கிய பழுப்பாகவும் அலகு நீண்டு நன்றாக வளைந்தும் தெரியும். ஊதாத் தேன்சிட்டின் வயிறும் கருமையாகவே இருக்கும், அலகு குட்டை. ஊதாப்பிட்டத்தின் ஆண் குழப்புவதில்லை: செம்பழுப்பு முதுகு, மஞ்சள் வயிறு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டின் ஆண் பளபளப்பை உதிர்த்து, மஞ்சள் அடிப்பகுதியில் தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோட்டோடு திரியும். புதிதாகப் பார்ப்பவர் அதை நான்காவது இனம் என்றே நினைப்பார்.

உண்மையான சோதனை பெண் பறவைகள். ஊதாப்பிட்டத்தின் பெண்ணுக்குத் தொண்டை வெண்சாம்பல், அதற்குக் கீழே மஞ்சள். மற்ற இரண்டுக்கும் தொண்டையிலிருந்தே மங்கிய மஞ்சள். ஊதாத் தேன்சிட்டின் பெண்ணுக்குக் கண்ணுக்கு மேல் மெல்லிய வெளிர்கோடு தெரியும். லோட்டனின் பெண்ணுக்கு அது இல்லை, அலகும் நீளம். ஆனால் பறவை கேமராவைப் பார்த்துத் திரும்பியிருந்தால் நீண்ட அலகும் குட்டையாகவே விழும். ஜெர்டன் காலத்து அளவுகோல் இன்றும் முதன்மையானது. அதைத் தவறாகக் காட்டக்கூடிய கருவியோ நம் கையில்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பறவையைச் சுட்டுச் சேகரிப்பது பொதுவழக்கிலிருந்து மறைந்தது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இ-பேர்டு தளத்தில் இன்று பட்டியலோடு படத்தையும் இணைக்கலாம். வழக்கத்துக்கு மாறான பதிவைத் தன்னார்வலர்கள் பரிசீலிக்கிறார்கள். தமிழகத்தில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இந்தப் பழக்கத்தைக் கிராமங்கள்வரை கொண்டுசென்றது. அருங்காட்சியக இழுப்பறையில் இருந்த சான்று எவரும் திறந்து பார்க்கும் பொதுச்சொத்தாகியிருப்பது பெரிய மாற்றம். தோலில் காணமுடியாத நடத்தையும், பறவை நாடிய பூவும், நாளும் நேரமும் படத்தோடு வருவது கூடுதல் ஆதாயம்.

ஆகவே மணிமங்கலத்தில் தேன்சிட்டைப் படமெடுப்பவருக்கு ஒரு வேண்டுகோள். அழகான ஒரே படத்தோடு நின்றுவிடாதீர்கள். அலகு முழுதாகப் பக்கவாட்டில் தெரியும் படம் ஒன்று, தொண்டை தெரியும் படம் ஒன்று, மங்கலாக இருந்தாலும் சேர்த்துப் பதியுங்கள். அவை கிடைக்காதபோது 'தேன்சிட்டு, இனம் உறுதியில்லை' என்று எழுதுங்கள். இ-பேர்டில் அதற்கும் இடம் உண்டு.