ரெசிடென்ட் என்றால் யார்?

ரெசிடென்ட் என்ற வார்த்தையைத் தொடாமல் வெளியூர்க்காரன் யாருக்கும் ஒரு வருஷம் ஓடாது. வருமான வரி கணக்கில் நீங்கள் ரெசிடென்டா, நான்-ரெசிடென்டா? பையன் அட்மிஷனுக்கு ரெசிடென்ஸ் சர்டிபிகேட் எங்கே? ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்க்கும் டாக்டரும் ரெசிடென்ட்தான். அந்தக் காலத்தில் பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்ததால் வந்த பேர் அது. ஆனால் நான் பிழைக்க வந்திருக்கும் இந்த ஹைதராபாத்தில் அந்த வார்த்தைக்கு இன்னொரு சரித்திரம் இருக்கிறது. கோட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கண்ணெதிரிலேயே நிற்கும் சரித்திரம்.

முதலில் வேர். லத்தீனில் 'செடெரே' என்றால் உட்கார்வது. அதன் முன்னால் 'ரே' சேர்ந்தால், போகாமல் உட்கார்ந்துவிடுவது, தங்கிவிடுவது. முன்னால் உட்கார்ந்தவர் பிரசிடென்ட். தங்கிவிட்டவர் ரெசிடென்ட். அடியில் தங்கும் வண்டல் செடிமென்ட். நமக்கு இது புதுசே இல்லை. தமிழில் 'இரு' என்றால் உட்கார் என்றும் அர்த்தம், வாழ் என்றும் அர்த்தம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்தவரை "இருங்கோ" என்று சொல்வது உட்காரச் சொல்லித்தான். நாம் போனில் "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்பது குடியிருப்பை. லத்தீன்காரனும் தமிழனும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் :-)

பதவிப் பெயராக இது ஐரோப்பிய ராஜதந்திரத்திலிருந்து வந்தது. ஒரு ராஜாவின் சபைக்கு வந்து, காரியம் முடிந்ததும் கிளம்பிப் போகிற தூதர் ஒரு வகை. அங்கேயே தங்கிவிடுகிற தூதர் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் அம்பாசிடருக்குக் கீழ்ப்படியில் இருந்தவருக்கு ரெசிடென்ட் என்று பேர். கிழக்கிந்தியக் கம்பெனி என்பது ஒரு வியாபாரக் கம்பெனி. அது அம்பாசிடர் அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? அடக்கமாக ஒரு ரெசிடென்டை அனுப்பியது. "சும்மா தங்கியிருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்கிற பதவி.

ஹைதராபாத்துக்கு முதல் ரெசிடென்ட் வந்தது 1779-ல். பெயர் ஜான் ஹாலண்ட். அனுப்பியது கல்கத்தா இல்லை, நம்ம மதராஸ் சர்க்கார். ஆனால் ஊர் இன்றும் பேசுவது ஜேம்ஸ் அகில்லிஸ் கிர்க்பாட்ரிக்கைப் பற்றி. அவரும் 1764-ல் மதராஸில் பிறந்தவர்தான். கைருன்னிஸா பேகத்தைக் கல்யாணம் செய்துகொண்ட கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது 1798. அந்த வருஷம் நிஜாம் அலி கானோடு போட்ட ஒப்பந்தப்படி கம்பெனியின் 6 பட்டாலியன்கள் நிஜாம் செலவில் இங்கே நிரந்தரமாகத் தங்க வேண்டும். அந்தப் படைக்குப் பெயர் சப்சிடியரி போர்ஸ். சப்சிடியிலும் அதே 'செடெரே'தான்! சண்டையில் பின்வரிசையில் உட்கார்ந்து காத்திருக்கும் துணைப்படைக்கு ரோமானியர் வைத்த பேர் அது. ஆக, தலைநகரில் ஒருவர் உட்கார்ந்தார், பக்கத்தில் ஒரு படை உட்கார்ந்தது. நிஜாமிடம் இருந்த பிரெஞ்சு அதிகாரிகளின் படையை அதே அக்டோபரில் சண்டையே இல்லாமல் கலைத்தும் விட்டார்கள்.

உட்கார்ந்த படைக்குச் சம்பளம் யார் தருவது? 1800-ல் இன்னொரு ஒப்பந்தம். பணத்துக்குப் பதிலாக பெல்லாரி, கடப்பா, அனந்தபூர் பக்கத்து சீமைகளை நிஜாம் கம்பெனிக்கே எழுதிக்கொடுத்தார். அவை மதராஸ் மாகாணத்தோடு சேர்ந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிர்க்பாட்ரிக் தனக்கு ஒரு மாளிகை கேட்டதைப் பற்றி ஒரு கதை உண்டு. பெரிய தாளில் வரைபடத்தைக் காட்டினாராம். என் ராஜ்யத்தின் வரைபடமே இவ்வளவு பெரிசு இல்லையே என்று நிஜாம் மறுத்துவிட்டார். அதையே சின்ன அட்டையில் வரைந்து காட்டியதும் சரி என்றாராம். நிஜாம் கஜானாவில் கட்டியது அந்த ரெசிடென்ஸி. வரைந்தவர் மதராஸ் என்ஜினியர்ஸைச் சேர்ந்த சாமுவேல் ரஸ்ஸல். உருது, ஹிந்தியில் மாளிகைக்குக் கோட்டி என்று பேர். அதுவே ஏரியா பேராகிவிட்டது. பக்கத்துக் கடைத்தெருவும் ரெசிடென்ட் அதிகாரத்தில்தான் இருந்தது, பேரே ரெசிடென்ஸி பஜார். 1933-ல் நிஜாமுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அது சுல்தான் பஜார் ஆனது. தங்க வந்தவரிடம் சொந்த ஊர்க் கடைத்தெருவைத் திரும்ப வாங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல்!

இந்தப் பதவி மற்ற ஊர்களுக்கும் போனது. திருவாங்கூரில் கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்துகொண்டே 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தார், கேட்கிறவரும் அவரே, கொடுக்கிறவரும் அவரே. மலாயாவுக்கு 1874 பங்கோர் ஒப்பந்தத்தோடு ஏற்றுமதியானது. பேராக்கின் முதல் ரெசிடென்ட் பிர்ச்சை மறு வருஷமே கொன்றுவிட்டார்கள். மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கதை பள்ளிப்பாடம்.

சரி, நம் ஆட்களுக்கு வருவோம். இங்கே உட்கார்ந்த படை மதராஸ் ராணுவத்துப் படை. 1806-ல் சிக்கந்தர் ஜா பெயரால் செகந்திராபாத் உருவானபோது, சிப்பாய்களின் பின்னாலேயே கான்ட்ராக்டர்கள், துபாஷிகள், குமாஸ்தாக்கள் என்று தமிழ்க் குடும்பங்களும் வந்தன. பத்மாராவ் நகர் என்ற பேரில் இருப்பவர் திவான் பகதூர் பத்மாராவ் முதலியார். ஐ.டி. கம்பெனிகளோடு வந்த நாமெல்லாம் மிகவும் லேட்.

வெளியூர்க்காரர்கள் பெருகினால் உள்ளூர்க்காரர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? முல்க் என்றால் நாடு, முல்கி என்றால் நாட்டுக்காரன். சர்க்கார் வேலை முல்கிக்குத்தான் என்று ஏழாவது நிஜாம் காலத்தில் 1919-ல் விதி வந்தது. இங்கே பிறக்காதவர் முல்கி ஆக முடியுமா? முடியும். 15 வருஷம் நிரந்தரமாக இங்கே குடியிருக்க வேண்டும். அதோடு, பழைய ஊருக்குத் திரும்பிப்போகும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டதாக மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியப் பத்திரம் தர வேண்டும்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை எழுத்தில் கைவிடச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் கையெழுத்து போடுவோம்? பத்து வருஷமாக "அடுத்த வருஷம் சென்னைக்கு மாத்தல் கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தானே நாம். கோட்டி மாளிகையில் உட்கார்ந்தவரிடம் யாரும் இந்தப் பத்திரத்தைக் கேட்கவில்லை. அவர் ஊருக்குத் திரும்பத்தான் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அவர் பேர் ரெசிடென்ட்.

1952-ல் போலி முல்கி சர்டிபிகேட்டுகளால் வெளியூர்க்காரர்களுக்கு வேலை போகிறது என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சிட்டி காலேஜ் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்போதைய கோஷங்களில் ஒன்று "இட்லி சாம்பார் கோ பேக்". நம்மைத்தான் சொன்னார்களா? நம்மையும் சேர்த்து. அன்றைக்கு ஆந்திரா பிரியவில்லை, கடற்கரை ஆந்திராவும் கடப்பாவும் அனந்தபூரும் மதராஸ் ராஜ்யம். படைச் சம்பளத்துக்காக 1800-ல் நிஜாம் எழுதிக்கொடுத்த சீமைக்காரர்கள் 152 வருஷம் கழித்து இங்கே வெளியூர்க்காரர்கள்! ஆனால் கோஷம் போட்டவர்களைக் குறுகிய மனசுக்காரர்கள் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. நிஜாம் ராஜ்யத்தில் உருதுவில் படித்தவன், இங்கிலீஷில் படித்துவிட்டு வந்த மதராஸ்காரனோடு போட்டியிட வேண்டியிருந்தது. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது.

முல்கி விதிகள் செல்லும் என்று 1972 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, உடனே கடற்கரை ஆந்திரா கொதித்தது, 1973-ல் விதிகளை ரத்து செய்து அரசியல் சட்டத்தில் 371-டி பிரிவைச் சேர்த்தார்கள். சத்தியப் பத்திரம் போய் 'லோக்கல்' என்ற சொல் வந்தது. கல்லூரி இடங்களில் 85 விழுக்காடு லோக்கலுக்கு என்று 1974-ல் ஜனாதிபதி உத்தரவு. அப்பா அம்மா எத்தனை வருஷமாக வரி கட்டுகிறார்கள் என்பதை விட, பிள்ளை எந்த வகுப்புகளை எங்கே படித்தது என்பதுதான் இப்போது பெரிய கேள்வி. தெலங்கானா அரசு வேலைக்கு 2018 உத்தரவுப்படி 1 முதல் 7-ம் வகுப்புக்குள் குறைந்தது 4 வருஷம் அந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும். அதனால்தான் இங்கே பெற்றோர்கள் வருஷா வருஷம் பானஃபைட் சர்டிபிகேட் வாங்கி பைலில் வைக்கிறார்கள். ஊர் மாற்றல் யோசிப்பவர்கள் பிள்ளையின் வகுப்பைப் பார்த்து யோசியுங்கள்.

ரெசிடென்ட் பதவி 1947-ல் முடிந்தது. 1948 ஜனவரியில் இந்திய அரசின் ஏஜென்ட் ஜெனரலாக கே.எம். முன்ஷி வந்தபோது நிஜாம் அரசு அவருக்கு ரெசிடென்ஸியைத் தரவில்லை. பொலாரத்தில் ராணுவக் கட்டிடத்தில் தங்கினார். உட்கார விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1949-ல் அந்த மாளிகைக்கு பெண்கள் கல்லூரி குடிவந்தது. 2022-ல் கல்லூரியே பல்கலைக்கழகமானது. அங்கே சேர வரும் பெண்களிடம் லோக்கலா, நான்-லோக்கலா என்று கேட்கிறார்கள்.