இசைக் கணினியும் அதன் இரைச்சலும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கணினி முதன்முதலில் இசையெழுப்பிய இடங்களுள் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரும் ஒன்று. சிஎஸ்ஐராக் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த இயந்திரம் ஏறத்தாழ 2000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டது. 30 கிலோவாற் மின்சாரத்தை உண்டது. செய்நிரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை இயக்குநருக்கு உணர்த்துவதற்காக அதில் ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டிருந்தது. ஜெஃப் ஹில் என்ற நிரலாளர் அந்த ஒலிபெருக்கியையே இசைக்கருவியாக்கினார். 1951 ஓகஸ்டில் சிட்னியில் நடந்த கணினி மாநாட்டில் அது 'கேணல் போகி' அணிநடை இசையை வாசித்தது. ஆனால் அந்த வாசிப்பை அன்று எவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபெரான்ரி மார்க் 1 கணினி இசைத்ததை பிபிசி பதிவு செய்தது. கணினி இசையின் ஒலிப்பதிவுகளில் இன்று எமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது அதுவே.

நான் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கேள்வியாகும். என் நண்பர் ஒருவரின் மகன், வன்னியில் வாழும் தன் பாட்டியிடம் எஞ்சியிருக்கும் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் வீட்டிலேயே பதிவு செய்து, அவற்றுக்கு மெல்லிய பின்னணி இசை சேர்க்க முனைந்தான். பாட்டியின் குரல் தளர்ந்துவிட்டது. அதைப் பிடிக்க ஒலிவாங்கியின் உணர்திறனைக் கூட்டினால், மேசைக்கடியில் இருக்கும் கணினியின் மின்விசிறி குரலுக்கு நிகராக இரைகிறது. "அங்கிள், சத்தம் போடாத, ஆனா வேகமான கொம்பியூட்டர் ஒண்டைச் சாமான் வாங்கி நானே பூட்டப் போறன். எதை வாங்கிறது?" என்று கேட்டான். பத்திரிகைக்காரனிடம் கேட்கவேண்டிய கேள்வி அல்ல இது. எனினும், இந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் எதை வாங்குவது என்பதும் விளங்கும் என்று எனக்குத் தோன்றியது.

கண்ணாடிக்கு அப்பால்

1957 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்தியூஸ், ஐபிஎம் 704 கணினியைக் கொண்டு 17 விநாடி நீளமான இசைத்துண்டு ஒன்றை உருவாக்கினார். கணக்கிடும் இயந்திரம் நியூயோர்க் நகரில் இருந்தது. அது காந்த நாடாவில் எழுதிய எண்களை நியூ ஜேர்சியிலிருந்த ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றே ஒலியாக மாற்றினர். கணினி எவ்வளவு இரைந்தாலும் அது இசையைத் தீண்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வாய்வுகூடத்துக்கும் எமது நாட்டுக்கும் ஒரு சிறு தொடர்புண்டு. 1961 இல் அங்கே ஒரு கணினி 'டெய்சி பெல்' என்ற பழைய ஆங்கிலப் பாடலைச் செயற்கைக் குரலில் பாடியது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 இல் கொழும்பில் காலமான எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், ஆய்வுகூடத்துக்குச் சென்றபோது அதைக் கேட்டார். 1968 இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தில், நினைவகம் கழற்றப்படும் வேளையில் ஹால் என்ற கணினி பாடுவது அந்தப் பாடலையே.

அக்காலத்து வானொலி நிலையங்களையும் ஒலிப்பதிவுக் கூடங்களையும் அறிந்தவர்கள் அவற்றின் அமைப்பையும் அறிவர். பாடுபவர் ஓர் அறையில்; நாடா இயந்திரங்களும் பொறியியலாளரும் மற்றோர் அறையில்; இடையே தடித்த இரட்டைக் கண்ணாடி. ஒலியைப் பிடிக்கும் இடத்தையும் இரையும் பொறிகள் இருக்கும் இடத்தையும் பிரிப்பதே கலையகக் கட்டடக் கலையின் முதற் பாடம். அந்தக் கண்ணாடிக்குப் பணம் வேண்டும். அதைக் கடந்து உள்ளே செல்ல அனுமதி வேண்டும். யாருடைய குரல் பதிவாகும், யாருடையது பதிவாகாது என்பதைத் தீர்மானித்தவற்றுள் அந்தக் கண்ணாடியும் ஒன்று.

மௌனமாயிருந்த ஒரு காலம்

1983 இல் நிலைமை மாறத் தொடங்கிற்று. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் யப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ கக்கெஹாஷியும் முன்னின்று உருவாக்கிய 'மிடி' என்ற பொது மொழி அவ்வாண்டு அறிமுகமாயிற்று. ஒரு நிறுவனத்தின் விசைப்பலகையை அழுத்தினால் மற்றொரு நிறுவனத்தின் கருவி ஒலிக்கும் நிலை ஏற்பட்டது. 1985 இல் வெளிவந்த அட்டாரி எஸ்ரி கணினியில் மிடி இணைப்புகள் உள்ளமைந்தே வந்தன. 8 மெகாஹேர்ட்ஸ் வேகமுடைய செயலி அது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகர ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட கியூபேஸ் மென்பொருள் முதலில் ஓடியது இக்கணினியிலேதான்.

எஸ்ரியின் தொடக்க மாதிரிகளில் மின்விசிறியே இல்லை. அவை இசைக்கலைஞரின் மேசையில், ஒலிவாங்கிக்கு அருகிலேயே, பேசாமல் இருந்தன. காரணம் எளிது. அக்கணினிக்குள் ஒலி நுழையவில்லை. எந்தச் சுரத்தை, எப்பொழுது, எவ்வளவு அழுத்தத்துடன் வாசிப்பது என்ற கட்டளைகள் மாத்திரமே அதில் பதிவாயின. ஒலியை எழுப்பியவை வெளியிலிருந்த கருவிகள். மனிதக் குரலைப் பதிந்தது நாடா இயந்திரம்.

ஒலியே கணினிக்குள் வந்தபோது கணக்கு மாறியது. இறுவட்டின் தரத்தில் ஒரு விநாடி ஒலி என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 எண்களாகும். 1996 இல் கியூபேஸின் புதிய பதிப்புடன் வந்த விஎஸ்ரி முறை, எதிரொலி முதலிய விளைவுக் கருவிகளை மென்பொருளாக்கியது. 1999 இல் இசைக்கருவிகளும் அவ்வாறே ஆயின. இடையே 1998 இல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள், ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மாத்திரம் நினைவகத்தில் வைத்து மீதியை வன்தட்டிலிருந்து ஓடவிட்டது. பல இலட்சம் பெறுமதியான கூடத்தின் வேலை ஒரு பெட்டிக்குள் அடங்கியது. கண்ணாடிச் சுவர் மறைந்தது. ஆனால் சுவருக்கு அப்பாலிருந்த இயந்திரம் பாடகரின் காலடிக்கு வந்துவிட்டது.

வெப்பத்தின் வரலாறே இரைச்சலின் வரலாறு

அதே ஆண்டுகளில்தான் கணினிகள் கொதிக்கத் தொடங்கின. 1980களின் செயலிகள் பல, வெப்பம் கடத்தும் உலோகத் துண்டுகூட இன்றி இயங்கின. 1993 இல் பென்டியம் வந்தபின் செயலியின் தலைமேல் ஒரு சிறு விசிறி இருப்பது வழமையாயிற்று. திரிதடையங்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க அவை உண்ணும் மின்சாரமும் அதே வீதத்தில் குறையும் என்று ஐபிஎம்மின் ரொபேர்ட் டெனார்டும் அவரது சகாக்களும் 1974 இல் காட்டிய விதி, 2000களின் நடுப்பகுதியில் பொய்க்கலாயிற்று. 2004 இல் இன்டெலின் 3.8 ஜிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 செயலி 115 வாற் அளவுக்குக் குளிர்ப்பிக்கப்பட வேண்டியதாயிற்று. விரல் நகமளவான சிலிக்கனில் ஒரு பெரிய மின்குமிழின் வெப்பம்! அதே ஆண்டு மே மாதம் இன்டெல் அவ்வரிசையின் அடுத்த செயலித் திட்டத்தைக் கைவிட்டது. 2006 இல் வந்த கோர் 2 டியோ, குறைந்த கடிகார வேகத்தில், 65 வாற் எல்லைக்குள், அதிக வேலை செய்தது.

மின்விசிறி பற்றிய பௌதிக விதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு விசிறியின் சுழற்சி வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் பாதியாகும்; ஆனால் அதன் ஒலியோ சுமார் 15 டெசிபல் குறைந்துவிடும். எனவே வேகமாகச் சுழலும் சிறிய விசிறி ஒன்றைவிட மெதுவாகச் சுழலும் பெரிய விசிறிகள் இரண்டு மேல். ஒரே அளவான இரு விசிறிகள் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல் மாத்திரமே. 2002 முதல் கனடாவின் மைக் சின் நடத்திய 'சைலன்ட் பிசி ரிவியூ' இணையத்தளமும், 2005 இல் ஒஸ்ரியாவில் தோன்றிய நொக்டுவா நிறுவனமும் வளர்ந்தது இவ்விதியின்மேல்தான். வெப்பத்தைச் செயலியிலிருந்து அகன்ற தகடுகளுக்குக் கொண்டுசெல்லும் வெப்பக் குழாய், 1963 இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் விண்வெளித் தேவைகளை மனதிற்கொண்டு உருவாக்கியதாகும். இன்று அது கொழும்பு யூனிட்டி பிளாசாவில் விற்கும் செயலிக் குளிர்ப்பிகளிலும் இருக்கிறது.

எதை வாங்குவது?

இவ்வரலாற்றிலிருந்து பிறக்கும் விடைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது செயலி. ஒரு தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட விளைவுக் கருவிகளின் வேலையைப் பல கருக்களுக்குப் பங்கிட முடியாது. வெவ்வேறு தடங்களையே பங்கிடலாம். ஆகவே கருக்களின் எண்ணிக்கைக்கு முன்னர் ஒவ்வொரு கருவின் வேகத்தையும் பார்க்கவேண்டும். 2024 இல் வந்த 8 கரு ரைசன் 7 9700எக்ஸ் போன்ற 65 வாற் செயலிகள் இத்தேவைக்குப் பொருத்தமானவை. 170 வாற் செயலியை வாங்கிவிட்டு அதன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டுவோரும் உளர். அது பிழையன்று, ஆனால் பணம் வீண்.

இரண்டாவது குளிர்ப்பி. செயலியுடன் இலவசமாக வரும் சிறிய விசிறியை நம்பலாகாது. 120 அல்லது 140 மில்லிமீற்றர் விசிறியுடைய கோபுர வடிவக் குளிர்ப்பியை வாங்கி, நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்றில் ஓடவிட வேண்டும். நீரால் குளிர்ப்பிக்கும் முறையில் விசிறியோடு நீரேற்றியின் இரைச்சலும் சேர்கிறது.

மூன்றாவது மின்வழங்கி. 200 வாற் தேவைப்படும் கணினிக்கு 80 வீத வினைத்திறனுடைய மின்வழங்கி 50 வாற்றை வெப்பமாக வீணாக்கும். 90 வீதமுடையது 22 வாற்றை மாத்திரமே வீணாக்கும். தேவையைவிட இருமடங்கு வலுவுடையதை வாங்கினால், பல மாதிரிகளில் குறைந்த சுமையின்போது விசிறி சுழலவே மாட்டாது.

நான்காவது சேமிப்பகம். சுழலும் வன்தட்டைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் பகுதி எதுவுமில்லை. நினைவகம் 32 ஜிகாபைற் போதும். முழு வாத்தியக்குழுவின் ஒலிமாதிரிகளைப் பயன்படுத்துவோருக்கு 64 வேண்டும். டிடிஆர்5 நினைவகத்தை நான்கு துண்டுகளாகப் போட்டால் வேகம் குறைய நேரிடும். எனவே இரண்டு துண்டுகளாக வாங்குவதே நன்று. தனியான வரைகலை அட்டை வேண்டியதில்லை. செயலியோடு உள்ளமைந்த வரைகலை இசைக்குப் போதும். ஒரு விசிறியும் குறையும்.

'வேகம்' என்பதை இசைக்கலைஞர் வேறு பொருளிலும் கொள்ளவேண்டும். பாடியது காதொலிப்பானில் திரும்பக் கேட்க எடுக்கும் நேரம் அது. கணினி 1024 மாதிரிகளைச் சேர்த்து வைத்துக் கையாண்டால் அதனால் மட்டும் 23 மில்லிவிநாடி தாமதிக்கும். 128 மாதிரிகளாயின் 3 மில்லிவிநாடிக்கும் குறைவு. வலுவான செயலி தாளம் தவறாமல் பாட உதவுவது இவ்வாறே.

எமது வெயிலில்

ஐரோப்பியரின் ஆலோசனைகளை இங்கு அப்படியே பின்பற்ற முடியாது என்பதையும் சொல்லவேண்டும். அவர்களின் அறை 20 பாகை செல்சியஸ்; எமது அறை 30 அல்லது அதற்கு மேல். வெப்பத் தகடு தொழிற்படுவது அறைக்கும் செயலிக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டே. செயலியின் எல்லை 95 பாகை என்றால் அவர்களுக்கு 75 பாகை இடைவெளி, எமக்கு 65. ஒலிப்பதிவின்போது கூரை விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்திவிடுவதால் அதுவும் சுருங்கும். எனவே அங்கே 'மௌனப் பெட்டி' என்று விற்கப்படும், உட்புறம் பஞ்சு ஒட்டி மூடிய பெட்டிகள் இங்கே எதிர்விளைவையே தரலாம். உள்ளே தேங்கும் வெப்பம் விசிறியை விரட்டும். முன்புறம் வலையிட்ட, காற்றோட்டமான பெட்டியே எமக்கு உகந்தது. வலையில் படியும் தூசியை மாதமொருமுறை துடைக்கவேண்டும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்த நாட்டில், தடையில்லா மின்வழங்கி ஆடம்பரமன்று. ஆனால் அதிலும் விசிறி உண்டு. அதை அறைக்கு வெளியே வைக்கவேண்டும்.

பதிவான பின்னர் இரைச்சலை மென்பொருளால் அகற்றலாமே என்று சிலர் கேட்பர். ஓரளவு முடியும். ஆனால் முதிய குரலொன்றில் மூச்சும் விம்மலும் இரைச்சலுக்கு மிக அருகில் கிடக்கின்றன. இரைச்சலை அறுக்கும் கத்தி அவற்றையும் அறுத்துவிடும். ஒப்பாரியில் விம்மலை நீக்கினால் எஞ்சுவது சொற்கள் மாத்திரமே.

2020 இல் அப்பிள் நிறுவனம் எம்1 செயலியுடன் வெளியிட்ட மக்புக் எயரில் மின்விசிறி இல்லை. 1985 இன் அட்டாரியைப் போல மேசையில் பேசாமலிருக்கும் கணினி, இம்முறை ஒலியையும் உள்ளடக்கிக்கொண்டு, மீண்டும் வந்திருக்கிறது. ஆயின் அதன் நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாது. பழுதான பகுதியைத் தானே மாற்றவும் அரிது. 2022 இல் ரூபா வீழ்ந்த பின்னர், ஒரேயடியாகப் பெருந்தொகை கொடுக்க இயலாத இளைஞர்களுக்குப் பகுதி பகுதியாக வாங்கிப் பூட்டும் பெட்டியே கைக்கெட்டுவது. அவர்கள் மின்வழங்கியையும் குளிர்ப்பியையும் முதலில் நல்லனவாக வாங்கட்டும். செயலியைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். கணினியை மேசைக்கடியில் ஒரு மூலையில் வைத்து, ஒருதிசை ஒலிவாங்கியின் முதுகை அதன் பக்கம் திருப்பிவிட்டால், பணச் செலவின்றியே மேலும் சில டெசிபல்கள் குறையும்.